மூக்கனுக்கு ஒரு பருப்புகூட இல்லை

மேல் முகாம்
ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால், உங்கள் பிள்ளையின் கோபம், நம் வாலுப் பெண்ணின் ஆடுகிற பல் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள். இங்கே போன் எடுக்காது. கோவேறு கழுதைக்காரர் வாரம் ஒரு முறை சாமான் ஏற்றிக்கொண்டு வருவார். கடிதம் வருவதும் போவதும் அவர் பையில்தான்.

கிளம்பும்போது "கரடிக்குக் காவலா போற?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சமையலறைக்குள் போய்விட்டீர்கள். இப்போது சொல்கிறேன். மலைப்பாதை போடுகிற ஒன்பது பேர் இங்கே கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறார்கள். இருட்டினால் கரடி இறங்கும். எங்கள் சாப்பாட்டில் ஒரு வாய் அதற்குக் கிடைத்தால் போச்சு. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்களே, அதே கதை. மறுபடி வரும், கூடாரத்தைக் கிழிக்கும், ஆளையும் கிழிக்கும். கடைசியில் அதைச் சுட்டுவிடுவார்கள். அதனால் நான் ஆட்களுக்கும் காவல், கரடிக்கும் காவல்.

சமையல் செய்யும் இடம் படுக்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். எண்ணெய், சோப்பு, பற்பசை, சமையல்காரர் போட்டிருந்த சட்டைகூட. படுக்கிற இடத்தைச் சுற்றித் தகர டப்பா கோத்த கயிறு கட்டியிருக்கிறேன். விடியும்வரை விளக்கோடு சுற்றிவிட்டுப் பகலில் தூங்குகிறேன்.

ஒரு பலகையும் எழுதி மாட்டியிருக்கிறேன். 'கூடாரத்துக்குள் தின்பண்டம் வைத்தவர் அடுத்த கழுதையோடு கீழே இறங்க வேண்டும். யாராக இருந்தாலும்.' அளவு எடுக்கிற இன்ஜினியர் படித்துவிட்டு, "யாரா இருந்தாலும்னா, எனக்குமா?" என்றார். நல்ல பாரமான ஆள். "உங்களுக்கும்தான் சார். கழுதைகிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன்.

முகாமின் முழுப் பொறுப்பு எனக்குக் கிடைத்திருப்பது இதுதான் முதல் தடவை. கரடி வாயில் எதுவும் படாமல் இந்தப் பருவம் முடிந்தால் வேலை நிரந்தரம் என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார். முடித்துக் காட்டுவேன்.

குளிர் எலும்பைக் குடைகிறது. பழைய பஞ்சுப் போர்வை ஒன்று இருந்தால் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்


வீடு
ஜூன் 16

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பிள்ளையின் கோபமும் இருக்கிறது. பல் மட்டும் விழுந்துவிட்டது. அதை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், உனக்குக் காட்ட வேண்டுமாம். எப்போது வருகிறாய் என்று கேட்டுக் கேட்டு என் காதைத் தின்கிறாள்.

நான் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரிப் பதிவறையில் உனக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். நாற்காலி, மின்விசிறி, ஐந்து மணிக்கு வீடு. அங்கே கரடி வராது. வந்தாலும் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில்தான் நிற்கும். அடுத்த மாதக் கடைசிவரை காத்திருப்பார்கள். கழுத்தளவு படித்த பெண் ராத்திரி முழுக்கத் தகர டப்பாவைக் காவல் காக்கிறாள் என்று வெளியே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆனால் சோதனை போடுவது என்று வந்துவிட்டால், என்னைக் கேள். வார்டில் தலைமை நர்ஸாக முப்பது வருஷம் நான் பிடிக்காத திருட்டுத் தீனியா? தலையணை உறைக்குள் பொரித்த மீன். மாவுக்கட்டுப் போட்ட காலுக்குப் பக்கத்தில் ஊறுகாய். டாக்டரின் சொந்த மாமனார், பிளாஸ்கில் காபி என்று சொல்லி ஆட்டுக்கால் சூப் கொண்டு வந்தார். மூஞ்சியைப் பார்க்காதே, பதவியைப் பார்க்காதே. கையை விட்டுத் துழாவு. எந்த இடத்தைத் தொட உனக்குக் கூச்சமாக இருக்கிறதோ, அங்கேதான் இருக்கும்.

போர்வை அனுப்பியிருக்கிறேன். பழையது இல்லை, நானே உட்கார்ந்து தைத்தது. கழுத்துப் பக்கம் குளிர் ஏறாமல் இருக்கக் கூடுதலாகப் பஞ்சு வைத்திருக்கிறேன். யாருக்கும் இரவல் கொடுக்காதே. அந்தச் சமையல்காரர் என்ன போடுகிறாரோ, இளைத்துத்தான் போயிருப்பாய்.

அன்புடன்,
அத்தை


மேல் முகாம்
ஜூன் 26

அன்புள்ள அத்தைக்கு,

போர்வை வந்தது. கொஞ்சம் கட்டி கட்டியாக இருந்தாலும் என்ன கதகதப்பு. பகலில் போர்த்திக்கொண்டு படுத்தால் எழுந்திருக்க மனசு வரவில்லை. பல்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பதிவறையைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை, நீங்களும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒரு தொல்லை ஆரம்பித்திருக்கிறது. பெரிய ஆண் கரடி ஒன்று. மூக்கை வானத்துக்குத் தூக்கித் தூக்கி மோப்பம் பிடிப்பதால் 'மூக்கன்' என்று பெயர் வைத்துவிட்டோம். இத்தனை நாள் ஓடையோடு போய்க்கொண்டிருந்தவன், இந்த வாரம் தினமும் கயிறுவரை வருகிறான். விளக்கைக் காட்டி, தட்டைத் தட்டி விரட்டினால் போகிறான், ஆனால் மனசில்லாமல் போகிறான். காரணம் இல்லாமல் வர மாட்டான்.

நீங்கள் சொன்னபடி கையை விட்டுத் துழாவினேன். எட்டுக் கூடாரத்தையும் பிரித்துப் போட்டேன். பாறையில் ஏறக் கயிறு கட்டுகிற அண்ணனின் பெட்டியில் வாசனைப் பவுடர், இன்ஜினியரின் காலணிக்குள் இருமல் மிட்டாய். மிட்டாய் தின்பண்டமா மருந்தா என்று அவர் என்னோடு ஒரு மணி நேரம் வாதாடினார். மருந்து என்று இந்தத் தடவை விட்டேன். எல்லார் முகமும் கடுகடு. சமையல்காரருக்கு என்மேல் ஏகப்பட்ட கோபம், அவருடைய தலையணையையும் அமுக்கிப் பார்த்தேனாம். பார்த்தால் என்ன, அத்தையின் பயிற்சி அப்படி.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூக்கன் என் கூடாரத்துப் பக்கமாகத்தான் வருகிறான். இங்கே யார் பெரிய ஆள் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது போல.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்


வீடு
ஜூன் 29

அம்மாடி,

இதை வாங்கியதும் முதல் வேலையாகப் போர்வையை எடுத்துக்கொண்டு போய் இரும்புப் பெட்டிக்குள் போடு. கழுத்துப் பக்கம் இருப்பது பஞ்சு மட்டும் இல்லை. முந்திரிப் பருப்பும் பேரீச்சம்பழமும் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி உள்ளே வைத்துத் தைத்திருக்கிறேன்.

வெளிப்படையாக அனுப்பினால் பெட்டிக்குள் வைத்து ஒன்பது பேருக்கும் பங்கு போட்டுவிடுவாய், உன் வாயில் ஒன்று போகாது. அதனால் செய்தேன். போர்வை சேர்ந்த செய்தி வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். கரடிக்கு வாசனை அவ்வளவு தூரம் எட்டும் என்று எனக்கு உறைக்கவில்லை. உன் கடிதத்தில் கடைசிப் பத்தியைப் படித்ததும்தான் உறைத்தது.

உன் வீட்டுக்காரன் இதை எடுத்துக்கொண்டு இப்போதே மலையடிவாரத்துக்குக் கிளம்புகிறான். கழுதைக்காரரின் காலைப் பிடித்தாவது மேலே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதுவரை கூடாரத்துக்குள் படுக்காதே.

அத்தை


மேல் முகாம்
ஜூலை 1

அத்தைக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மூக்கன் அதற்கு முந்தின ராத்திரியே வந்துவிட்டான்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு மூச்சு வரட்டும். நான் சமையல் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். டப்பாச் சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் என் கூடாரத்தின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டான். போர்வையைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தான். கத்தினேன், தட்டைத் தட்டினேன். போட்டுவிட்டுப் போய்விட்டான்.

காலையில் கயிறு அண்ணனைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு தையலைப் பிரித்தேன். முதல் பொட்டலம் கையில் வந்ததுமே இது யார் கைவேலை என்று தெரிந்துவிட்டது. எல்லாம் முழுசாக இருந்தன, ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. மூக்கனுக்கு ஒரு பருப்புகூடக் கிடைக்கவில்லை. துப்பாக்கி வர வேண்டிய அவசியம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

மற்றதில் முடியாது. எட்டுக் கூடாரத்தைத் துழாவியவள் ஒன்பதாவதில் கை வைக்கவில்லை. என்னுடையதில் எப்படி இருக்கும் என்ற திமிர். சமையல்காரர் எல்லார் காதிலும் விழும்படி, "வேலியே பயிரை மேஞ்சா யாரைப் போய் கேக்கறது?" என்றார். யார் வைத்தது என்று இன்ஜினியர் கேட்டார். "என் படுக்கைல இருந்துச்சு, என் பொறுப்பு" என்று மட்டும் சொன்னேன். வயர்லெஸ்ஸில் மேலதிகாரிக்கும் அதையேதான் சொன்னேன். நானே திருட்டுத்தனமாகத் தின்றேன் என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். வீட்டுப் பெரியவர் தலையில் போட்டுவிட்டுத் தப்பிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பலகையில் எழுதியபடி, மாற்று ஆள் வந்ததும் அடுத்த வாரக் கழுதையோடு நான் இறங்க வேண்டும். நீங்கள் ஆசைப்பட்டதுதான் நடக்கப் போகிறது. கோபம் இருக்கிறது அத்தை, இல்லை என்று எழுதினால் பொய். என்மேல் அக்கறை காட்ட என் வேலையைத்தான் பிடித்தீர்களா? தயவுசெய்து இதில் இனிமேல் தலையிட வேண்டாம்.

இப்படிக்கு,
மருமகள்


வீடு
ஜூலை 4

அன்பு மருமகளுக்கு,

தலையிட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷம் தலையிட்டே சம்பளம் வாங்கியவள் நான். உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் உன் மேலதிகாரிக்குப் போன் போட்டேன்.

நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் சொன்னேன். பொட்டலம் கட்டியது நான், தைத்தது நான், பஞ்சு என்று பொய் எழுதியதும் நான். அவர் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "அவங்க உங்க பேரையே எடுக்கலையேம்மா" என்றார்.

நீ எனக்கு எழுதியது பாதிக் கதை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கரடி போட்டுவிட்டுப் போய்விடவில்லையாம். போர்வையை முன்னால் போட்டுக்கொண்டு இரண்டு காலில் எழுந்து நின்றதாம். நீ எல்லாரையும் உன் முதுகுக்குப் பின்னால் ஒன்றாக நிறுத்திவிட்டு, குரலை நடுங்கவிடாமல் பேசிக்கொண்டே அதை நோக்கி அடி அடியாக நடந்தாயாம். அது பின்வாங்கும்வரை நீ நிற்கவில்லையாம். கயிறு கட்டுகிறவர் வயர்லெஸ்ஸில் சொல்லிச் சொல்லி அழுதாராம்.

அப்புறம் அவர் சொன்னார்: "அம்மா, விதி விதிதான். ஆனா நீங்க ஒரு வார்த்தை சொன்னா, வீட்டுக் காரணம்னு எழுதி மரியாதையா கீழ அனுப்பிடறேன். பேர் கெடாது. சின்னக் குழந்தை வேற இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

யோசித்துப் பார். நீ இந்த வேலையை விட்டு வர வேண்டும் என்று இரண்டு வருஷமாக நான் கேட்காத தெய்வம் இல்லை. அது தானாகத் தட்டில் வைத்து வருகிறது. வாலு என் மடியில் இருந்தாள். "அம்மா வராங்களா பாட்டி?" என்று என் முகத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

நான் அவரிடம் கேட்டேன், "அந்தப் பலகைல என்ன எழுதியிருக்கு? தின்பண்டம் வெச்சவங்க கீழ இறங்கணும்னுதானே? வெச்சது நான். நான் ஏற்கெனவே கீழதான் இருக்கேன். அவளை எதுக்கு இறக்கறீங்க?"

சிரித்துவிட்டார் மனுஷர். நான் சிரிக்கவில்லை. நோயாளி பிழைத்தாரா என்பதுதான் எங்கள் வார்டில் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம். இங்கே ஆட்களும் பிழைத்தார்கள், கரடியும் பிழைத்தது. அத்தனை பேரைச் சோதனை போட்டிருக்கிறேன், பிடிபட்டவர்களில் ஒருவராவது 'என் பொறுப்பு' என்று சொல்லிக் கேட்டதில்லை. சொன்னவள் என் மருமகள். இதையும் அவரிடம் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். அவளுக்கும் சேர்த்துச் சொன்னேன்.

நீ அங்கேயே இருக்கலாம். முகாமில் எல்லாருக்கும் நடந்ததைத் தானே சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டார். சமையல்காரர் என்னைத் திட்டினால் திட்டட்டும், அதற்கு நான் ஏற்றவள்தான். பதிவறை இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

போனை வைத்ததும் "அம்மா இப்போ வரலைடா, நான்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்று வாலுவிடம் சொன்னேன். பழியை வேறு யார்மேல் போடுவது? அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை, சாப்பாட்டுத் தட்டைக்கூட அப்பா கையில்தான் வாங்குகிறாள். நீ வந்ததும் உன்னோடும் இரண்டு நாள் பேச மாட்டாள். அதைத் தாங்கிக்கொள்ளத் தயாராக வா.

பருவம் முடியும்வரை அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ முகாமைப் பார்.

உன்
அத்தை