உன் ஊமைப் பெட்டியும் என் காதும்

பிடிவாதக்கார மச்சான் சூசைக்கு,

முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொள்கிறேன். உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உன் மேசையிலிருந்த குரங்கு விரட்டும் பெட்டியை எடுத்து என் வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டேன். வாசலைத் தாண்டுவதற்குள் உன் பொண்டாட்டி, என் தங்கச்சி பிலோமி, பிடித்துவிட்டாள்.

"இன்னாண்ணா, வயிறு ஒரு பக்கமா வீங்கியிருக்குது?"

"சாப்பாடு."

"சாப்பாட்டுல ஒயரு தொங்குதே."

ஞாபகமாக வைத்துக்கொள்ள எடுத்தேன் என்று நினைத்துவிடாதே. உடைத்துப் பார்க்க எடுத்தேன். உள்ளே ஒன்றுமில்லை என்று, திரும்பக் கொண்டுவந்து மாலை போட்ட உன் படத்துக்கு முன்னாலேயே காட்ட வேண்டும்போல இருந்தது. அவ்வளவு கோபம் உன்மேல். இன்னும் ஆறவில்லை.

கோட்டை அடிவாரத்தில் நான் வேகவைத்த வேர்க்கடலை விற்கிற வண்டிக்காக நீதான் அதைச் செய்தாய். விரல் நீளத்துக்கு, குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, ஒரு சின்ன ஸ்பீக்கர், பேட்டரி. சுவிட்சைப் போட்டாய். சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை.

"செகண்டுக்கு இருபத்தஞ்சாயிரம் தடவ அதிருது மச்சான். மனுசன் காதுக்கு எட்டாது, குரங்குக்குக் கேக்கும்" என்றாய்.

கடலை வாங்க நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், "நான்கூடத்தான் காலையிலேர்ந்து பாடிகினு இருக்கேன், உனக்குக் கேக்குதா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விட்டாய். ஒரு கிண்டலுக்கு இவ்வளவு பெரிய பதிலா? திருப்பி நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

பிலோமி பெட்டியைப் பிடுங்கினாள். உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒயர் பிடித்துக் கொடுத்தே அவளும் எல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறாள், எனக்குத்தான் தெரியாது. பெட்டியை லேப்டாப்பில் செருகி, அதிர்கிற நம்பரை எட்டாயிரமாக இறக்கினாள். காதில் ஊசி குத்தியதுபோல் ஒரு கிரீச்சு. சாப்பிட்டவர்கள் எச்சில் கையோடு காதைப் பொத்தினார்கள். ஆயிரம் ஆயிரமாக ஏற்றினாள். பன்னிரண்டாயிரத்தில் சத்தம் நின்றது.

"பாத்தியா, நின்னுடுச்சு" என்றேன் சந்தோஷமாக.

"நிக்கலண்ணா. எனக்கு நல்லாக் கேக்குது."

சுற்றிப் பார்த்தேன். பாதிப் பேர் இன்னும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். உன் பெட்டி நிற்கவில்லை மச்சான், என் காதுதான் நின்றுபோயிருந்தது. அன்றைக்கே நீ ஏன் இப்படி இறக்கிக் காட்டவில்லை? ரெண்டு நிமிஷ வேலை. உனக்கு ரோஷம்தான் பெரிசு. இதற்காகவும் உன்னை மன்னிக்க மாட்டேன்.

ஆனால் சிரித்தவர்களுக்கு முன்னாலேயே, உன் பெட்டி பொய்யில்லை என்று சொல்வேன். வண்டியில் யார் வந்து நின்றாலும், கடலையைப் பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் அதைச் சொல்வேன். இது சத்தியம்.

நேற்றே ஆரம்பித்தேன். பிலோமி பழையபடி இருபத்தைந்தாயிரத்துக்கு ஏற்றிக் கொடுத்த பெட்டியை வண்டிமேல் வைத்து சுவிட்சைப் போட்டேன். வண்டிக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து போனது. "பாருங்க, எங்க மச்சான் செஞ்சது" என்று நான் வாயைத் திறந்தபோது, பெரிய கடுவன் குரங்கு ஒன்று வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராஜகிரிக் கோட்டை மலைமேலே ஏறிவிட்டது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடலையைத் தொடவில்லை.

உன் பொண்டாட்டியின் அண்ணன்,
லூர்து