கழுத்தில் ஊசி போட்ட வாரம்

ஐப்பசி 11, செவ்வாய். விடியற்காலையிலிருந்து மழை.

இன்று இருந்தவர்கள்: நான், மருமகள் செல்வி, திண்டிவனத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா. வீடு திரும்பினால் வாசலில் அண்ணன் கோவிந்தசாமியும் அண்ணி தனமும். இல்லாதவள், எனக்கு மூத்த அஞ்சலை அக்கா. இருபது வருஷமாக இல்லை.

ஒலக்கூரில் பஸ் ஏறும்போதே செல்வி ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்க வைத்தாள். திண்டிவனத்தில் இறங்கி இன்னொன்று. ஸ்கேன் என்றால் மூத்திரம் முட்டிக்கொண்டு இருக்க வேண்டுமாம். அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது அப்படித்தானாம். பெஞ்சில் ஒரு மணி நேரம் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உயிர் போயிற்று.

"கழுத்து ஸ்கேனுக்கு எதுக்கும்மா தண்ணி? மொதல்ல பாத்ரூம் போய்ட்டு வாங்க" என்று டாக்டரம்மா சிரித்தார். செல்வி சுவரைப் பார்த்தாள்.

தோளுக்கடியில் தலையணை, தலை தொங்கல். கழுத்தில் பசை, ஐஸ் மாதிரி. திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பச் சொன்னேன். திருப்பினார். சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு உருண்டை, புளியங்கொட்டை போல. நானா அது!

"தைராய்டுல கட்டி. வெறும் தண்ணிக்கட்டி இல்ல, கெட்டியா இருக்கு. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசி போட்டு, துளி எடுத்து டெஸ்ட் பண்ணினா நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சிடும். விழுப்புரம் போங்க, எழுதித் தர்றேன்."

வீட்டில் அண்ணன் சீட்டை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தார்.

"ஊசி கீசின்னு போவாத மங்கா. கட்டிய நோண்டினா ஒடம்பு பூரா பரவிடும். கம்முனு இருந்தா அது பாட்டுக்கு இருந்துக்கினு போவுது."

இதே பேச்சு. ஒரு எழுத்து மாறவில்லை.

ஐப்பசி 12, புதன். தூறல்.

கேப்பைக்கூழ் காய்ச்சினேன். குடிக்கும்போதெல்லாம் அக்கா நினைப்பு.

அவளுக்கும் கழுத்தில்தான். அதே இடது பக்கம். விழுப்புரத்தில் ஊசி போட எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் மூன்று பேர் வரிசையில். அக்கா மாம்பழக் கலர் புடவை. நான் பை வைத்திருந்தேன், பையில் இரண்டு ஆரஞ்சுப் பழம். முன்னால் நான்கு பேர்தான் பாக்கி. அண்ணன் அவள் கையைப் பிடித்து எழுப்பினார்.

"ஊசி குத்தினா பரவிடும். எழுந்திரு, வூட்டுக்குப் போலாம்."

"பாத்துட்டே போய்டலாம்ணா" என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும்? வாய மூடிக்கினு வா."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அக்கா. திண்டிவனம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதத்தில் குரல் போயிற்று. அப்புறம் கூழும் இறங்கவில்லை. அவளுக்கு இருந்தது நல்ல கட்டியா கெட்ட கட்டியா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. பார்க்கவே இல்லையே.

நாளைக்கு எடுத்துப் போக: ஸ்கேன் சீட்டு, ஆதார், துண்டு, குடை. தண்ணீர் பாட்டில் வேண்டாம்.

அண்ணன் போன் செய்தார். நாளைக்கு அஷ்டமியாம். கட்டிக்கு அஷ்டமி தெரியுமா என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

ஐப்பசி 13, வியாழன். வெயில்.

விழுப்புரம். செல்வியும் நானும் போனால், வாசலில் அண்ணனும் அண்ணியும் எங்களுக்கு முன்னாலேயே நிற்கிறார்கள். அண்ணன் டீ வாங்கித் தந்தார். சர்க்கரை கம்மியாக, எனக்குப் பிடித்தபடி. ஒரு நிமிஷம் மனசு இளகியது உண்மை.

நர்ஸ் பேப்பர் கொண்டு வந்தது. "கூட வந்த பெரியவங்க யாரு? இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

அண்ணன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் போட மாட்டேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் போட்டன்னு சொல்லுவாங்க."

"குடுங்க அத்த, நான் போடறேன்" என்று செல்வி வந்தாள். நான் விடவில்லை. கழுத்து என்னுடையது. மங்கவரத்தாள் என்று முழுசாக எழுதினேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு, எட்டு எழுத்து. நர்ஸ் நின்று காத்திருந்தது, பாவம்.

உள்ளே மறுபடி பசை. "முழுங்காதீங்க, பேசாதீங்க" என்றார் டாக்டர். திரையில் கறுப்பு உருண்டை. ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு கோடு நுழைந்தது. அதுதான் ஊசி. நேராகப் போய் உருண்டைக்குள் நின்றது. கண்ணை மூடவில்லை நான். வலி எறும்பு கடிப்பதை விட ஜாஸ்தி, தேள் கொட்டுவதை விடக் கம்மி. இரண்டு முறை. முடிந்தது.

இதற்கா? இதற்குத்தானா அக்காவை எழுப்பிக் கூட்டிப் போனது?

வெளியே பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் கடைப்பக்கம் போயிருந்தார். அண்ணி பக்கத்தில் வந்து முதுகைத் தடவினாள்.

"வலிக்குதா மங்கா? ஒண்ணும் ஆவாது. உங்க அண்ணனுக்குக்கூட போன ஆடியில ஈரல்ல சீழ் கட்டிக்கினு, இப்பிடித்தான் ஸ்கேன்ல பாத்துக்கினே ஊசிய உட்டு எடுத்தாங்க. ஒரு சொம்பு. மூணாம் நாளே இட்லி துன்னாரு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போன ஆடியில் எனக்குச் சொன்னது: காமாலை, வளவனூரில் பச்சிலை சாப்பிடுகிறார், பத்தியம், யாரும் வந்து பார்க்கக்கூடாது. நான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். கூழ் ஊற்றினேன். இரண்டு குடம்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நான். ஒலக்கூர் வரை பேசவில்லை. அக்கா ஏன் பேசவில்லை என்று புரிந்தது.

ஐப்பசி 19, புதன். மறுபடி மழை.

ரிசல்ட். செல்வி போய் வாங்கி டாக்டரிடம் காட்டிவிட்டு, அங்கிருந்தே போன். "அத்த, நல்ல கட்டிதானாம்! ஆபரேசன் வேணாமாம். ஆறு மாசம் கழிச்சி ஒரு ஸ்கேன் பாத்தா போதுமாம்." அழுதாள். கிறுக்கி. நானும்தான்.

சாயங்காலம் அண்ணன், ஒரு பை பச்சை மல்லாட்டைக் கடலையோடு.

"கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சி மங்கா."

"உன் வயித்துல உட்ட ஊசி பரவலையாண்ணா?"

குடையை மடக்கினார், விரித்தார், மடக்கினார். மழைத்தண்ணீர் தரையெல்லாம்.

"தனம் சொல்லிட்டாளா?"

"உனக்கு ஆவும்னா அன்னிக்கு அக்காவுக்கும் ஆயிருக்கும். தெரிஞ்சிக்கினே என்னையும் ஏன் தடுத்த?"

குடையை மூலையில் சாய்த்தார்.

"உனக்கு ஊசி போட்டு ஒண்ணும் ஆவலன்னா, அஞ்சலைய நான்தான் சாவடிச்சேன்னு ஆயிடும் இல்ல."

அதற்காக, நல்லதா கெட்டதா என்று நான் தெரியாமலே இருக்கணும். அக்கா மாதிரி.

போய்விட்டார். மல்லாட்டையை உப்புப் போட்டு அவித்தோம். ஒரு படி தின்றேன். தடங்கலில்லாமல் இறங்கியது.

செல்வி, தண்ணீர் குடிக்க வைத்தது: மன்னித்தாயிற்று. தனம், பச்சிலைப் பொய்: உளறியதற்காக மன்னித்தாயிற்று. அஷ்டமி, பாவம், அது என்ன செய்யும்.

மன்னிக்காதது ஒரே ஒரு ஆளை. ஆறுமுகம் மகன் கோவிந்தசாமி.