துண்டு விரித்த ஞாயிறு

சாம்பியன் ரீப்ஸ்,
வியாழக்கிழமை

வின்னியின் அப்பாவுக்கு,

பியூலா எழுதுகிறேன். நாங்கள் எல்லாரும் நலம் என்று தொடங்க மனம் வரவில்லை. நானும் என் அப்பாவும் நலம். வின்னியை இன்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஸ்டேஷன் மேடு ஏறுவதற்குள்ளேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டாள், தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. மெசேஜ் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் ஆபீஸ் சிரில் அண்ணன் காலை ரயிலில் கொண்டு வருகிறார். கவரை நன்றாக ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன்.

வருகிற புதன்கிழமை ஆபரேஷன். ஹார்ட்டில் இருக்கிற ஓட்டை வளர வளரத் தானே மூடிக்கொள்ளும் என்று காத்திருந்தோமே, மூடவில்லை. வலது பக்கம் வீங்கத் தொடங்கிவிட்டதாம், இனி தள்ளிப்போடக் கூடாது என்கிறார் டாக்டர். நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லை. தொடை நரம்பு வழியாகக் குழாய் விட்டு, உள்ளே போய்க் குடை மாதிரி ஒன்றை விரித்து அடைப்பார்களாம். அப்பா சும்மா இருப்பாரா? "மைன்ஸ் ஷாஃப்ட்ல கேஜ் எறக்கற மாதிரிதான டாக்டர், எங்க ஆளுங்க கண்ண மூடிக்கினே எறக்குவாங்க" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். இவளுக்கு மட்டும் கண்ணைத் திறந்துகொண்டே செய்யுங்கள் டாக்டர் என்றேன் நான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. உங்கள் கோபம் அதனால்தான் என்று அத்தை சொன்னார்.

ஷிப்டுக்குப் போய்த் திரும்பாத ஆளின் வீட்டுக்குத்தான் சம்பள நாளில் மைன்ஸ் கேட்டில் காசு சேர்க்கத் துண்டு விரிப்பார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தையின் அப்பாவுக்கு விரித்த கதையை அத்தை சொல்லி எத்தனை முறை கேட்டிருக்கிறோம். மைன்ஸ் மூடிய பிறகும் நம் சர்ச் வாசலில் அந்த வழக்கம் மூடவில்லை. ஆனால் அப்பா அதையெல்லாம் யோசித்துச் செய்யவில்லை. அவர் வேலை பார்த்த காலத்தில் மைன்ஸ் ஆஸ்பத்திரியில் காசு என்ற பேச்சே கிடையாது. பெங்களூரில் கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்து மிரண்டு போனவருக்கு, இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நான் சொன்னது காதில் ஏறவே இல்லை. பாஸ்டர் கொர்னேலியஸ் ஜெப விண்ணப்பத்தில் வின்னியின் பெயரை வாசித்தார். ஆராதனை முடிந்ததுதான் தாமதம், அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து வாசலில் விரித்துவிட்டார்.

நான் தடுப்பதற்குள் முதல் நோட்டு விழுந்துவிட்டது. எல்லாரும் விதவையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அதற்குள் வின்னி என் கையை உதறிவிட்டு ஓடி, மிட்டாய்க்கு வைத்திருந்த காசை அந்தத் துண்டில் போட்டுவிட்டு வந்தாள். வந்து, "பாவம்மா, யாரோட அப்பா?" என்று கேட்டாள்.

மறுநாள் மைசூர் மைன்ஸிலிருந்து அத்தை வந்தார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "இன்னாம்மா பியூலா, எம்புள்ள கல்லு மாதிரி பெங்களூர்ல கீறான், ஒங்கப்பன் துண்டு விரிச்சிட்டாரா? கல்லறைதான் பாக்கி, அதையும் கட்டிட்டு சொல்லி அனுப்பு, பூ எடுத்துக்கினு வரேன்." அப்பா உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. போகும்போது வின்னியைத் தூக்கிப் பார்த்து, "இன்னாடி, கோழி எறகு மாதிரி கீற" என்று அத்தையே அழுதார். அழுதுகொண்டே, "கைக்கொழந்த, ஒந்தங்கச்சி, அவ ஒன்னவிட கனமா கீறாடி" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். உங்களுக்குப் பாப்பா பிறந்தது எனக்கு அப்படித்தான் தெரியும்.

துண்டில் விழுந்ததை அப்படியே பாஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்க அப்பா தயாராக இருக்கிறார். நேரில் வரச் சொன்னாலும் வருவார்.

கோபம் எனக்குப் பழகியதுதான். கோபத்தால் மட்டும் நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள் என்றால் நிம்மதியாகத் தூங்குவேன். என் பயம் வேறு.

உங்கள் ஆபீஸ் பாலிசி திங்கட்கிழமையோடு முடிந்து புதிதாகத் தொடங்குகிறதாம். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டரில் இருக்கிற பெண், "புது லிஸ்ட்ல வின்னி பேரு இருந்தாதான் மேடம் அப்ரூவல் வரும், அவங்க அப்பாவ ஒருவாட்டி கேட்டுக்கோங்க" என்றாள். அவளுக்கு எவ்வளவு சுலபம்! சிரில் அண்ணனை விசாரித்தேன். "ரெண்டு புள்ளைங்களுக்குத்தாம்மா எடம்" என்றவர், ரயில் வருகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டார். எலைன் உங்களைக் கட்டிக்கொள்ளும்போதே அவளுக்கு ரோனி இருந்தான். இப்போது பாப்பா. நான் பி.காம். படித்தவள், இந்தக் கணக்குக்கு அவ்வளவு படிப்புகூடத் தேவையில்லை.

தனியாகப் பாலிசி எடுக்க நான் அலையாமல் இல்லை. இருக்கிற நோயைச் சொன்னால் வருடக் கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள். சொல்லாமல் மறைத்துவிடலாம் மேடம் என்றான் ஒரு ஏஜெண்ட். எழுந்து வந்துவிட்டேன். என் பள்ளிக்கூட வேலையில் இப்படி எந்த வசதியும் கிடையாது. விவாகரத்தின்போது வின்னியின் வைத்தியத்துக்கு என்று கோர்ட்டில் நீங்கள் ஒப்புக்கொண்டதை இழுத்து வக்கீலிடம் போகவும் இப்போது நேரமில்லை, தெம்பும் இல்லை.

ரோனியின் பெயரை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எந்தப் பிள்ளையின் பெயரையும் எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. மூன்றாவது பிள்ளைக்குத் தனியாகப் பிரீமியம் கட்ட வழியிருக்கிறதா என்று ஆபீசில் கேட்டுப் பாருங்கள். இருந்தால் அதை நான் கட்டுகிறேன். டியூஷன் பிள்ளைகள் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொள்வேன்.

பெயர் இருக்கிறது என்றால் ஒரே ஒரு வார்த்தை, "இருக்கிறது" என்று மெசேஜ் அனுப்புங்கள், போதும். அதற்குப் பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் கோபமாக இருங்கள். எடுத்துவிட்டீர்கள் என்றால் சிரில் அண்ணனிடம் வாயால் சொல்லி அனுப்புங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன், பாஸ்டர் வீட்டுக்குப் போய்த் துண்டுக் காசை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எழுத்தில் வேண்டாம். வின்னி சண்டே ஸ்கூலில் தமிழ் எழுத்துக் கூட்டப் பழகிவிட்டாள். என் போனையும் எடுத்துப் படிக்கிறாள்.

மயக்க மருந்து கொடுக்கும்வரை ஒருவர் கூடவே இருக்கலாமாம். யார் வரட்டும் என்று டாக்டர் அவளைக் கேட்டார். அப்பா என்றாள். தாத்தா "நானா கண்ணு" என்று குனிந்தார். இல்லை, என் அப்பா என்றாள்.

இன்னொன்று. கூடப்பிறந்த குழந்தைகளுக்கும் ஹார்ட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மா வேறு, அப்பா ஒருவர்தான் என்றேன். அப்படியானாலும் எக்கோ எடுத்துவிடுங்கள் என்றார். வின்னிக்கு நாம் பிந்திவிட்டோம். எலைனிடம் பயப்படும்படி சொல்லாமல், பாப்பாவை உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒன்றும் இருக்காது. அவளுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று வின்னிக்கு ஜெபிக்கும்போதே சேர்த்து ஜெபிக்கிறேன். அவள் பெயர் தெரியாததால் வின்னியின் தங்கச்சி என்றுதான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
வின்னியின் அம்மா,
பியூலா