புளியம்பூ பார்டர்

சங்கரன்கோவில்
19.09.2024

அன்புள்ள ஜெய்னப்புக்கு,

உன் கல்லூரி ஆசிரியை கனகலட்சுமி எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். பெங்களூர் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா?

உன் முகவரியை வாப்பாவிடம்தான் வாங்கினேன். ஆதம் அண்ணாச்சி, "அவ பதில் போட மாட்டா டீச்சர்" என்று சொல்லித்தான் எழுதிக் கொடுத்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. தறிகள் ஓடுகின்றன. வெள்ளைத் துண்டு மட்டும் நெய்கிறார். பார்டர் வைத்த சேலை எதையும் தறியில் ஏற்றுவதில்லையாம்.

போன வாரம் மூன்றாம் ஆண்டு வணிகவியல் பிள்ளைகளுக்கு அறிவுசார் சொத்துரிமை நடத்தினேன். நீ போன பிறகு இந்தப் பாடத்தை ஒரே மணி நேரத்தில் முடித்துவிடுவது என் வழக்கம். இந்த முறை வாய் தவறி, நம் ஊரிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டேன். லட்சுமிப்ரியா என்ற மாணவி எழுந்தாள். "ஆதம் பாய் மக, காளிராஜ் முதலாளி டிசைனைத் திருடி, வக்கீல் நோட்டீஸ் வந்து ஊரை விட்டே போயிட்டால்லா மேடம்" என்றாள். வகுப்பே தலையாட்டியது. அவள் கெட்ட பிள்ளை இல்லை. ஊரில் கேட்டதைச் சொன்னாள்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜெய்னப், நீ வரைந்த பார்டரைப் பதிவு செய்யலாமா என்று அன்று என்னைத்தான் கேட்டாய். மஞ்சள் பூ, அதன் ஒரே ஓர் இதழில் சிவப்புக் கோடு. புளியம்பூவை அப்படி யாரும் சேலையில் பார்த்ததில்லை. முதலில் கல்லூரிக் கண்காட்சியில் வை, நாலு பேர் பார்க்கட்டும், பதிவெல்லாம் பிறகு என்று சொன்னது நான். சொல்லிக் கொடுக்க வேண்டியவளுக்கே பாடம் தெரியவில்லை. கண்காட்சிக்கு வந்த ஜவுளி முதலாளி காளிராஜ் படம் எடுத்துப் போய்த் தன் பெயரில் பதிவு செய்துகொண்டு, சேலையாக நெய்து விற்றார்.

அதுகூட அறியாமை. நீதான் திருடினாய் என்று அவரிடமிருந்து நோட்டீஸ் வந்தபோது நீ என் வீட்டுக்கு வந்தாயே, அதற்கு என்ன பெயர் சொல்வது? அந்தப் பூவை நீ வரைந்து, நான் தேதி போட்டுக் கையெழுத்திட்ட உன் புராஜெக்ட் என் அலமாரியில்தான் இருந்தது. காளிராஜ் கல்லூரிக் கமிட்டியில் இருந்தார். அப்போது எனக்கு வேலை நிரந்தரம் ஆகவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி உன்னை அனுப்பினேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதிலிருந்து அந்தப் பூ என்னை விடவில்லை. தென்காசி பஸ்ஸில் முன் சீட்டுத் தோளில் அதுதான். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் திரும்பிய பக்கமெல்லாம் அதுதான். என் தங்கை வளைகாப்புக்கு அதையே கட்டி வந்தாள். அழகா இருக்காக்கா என்று கேட்டாள். நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

வகுப்பில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் புராஜெக்டை மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். லட்சுமிப்ரியா அதை வெகுநேரம் பார்த்தாள். "அப்போ நீங்க ஏன் மேடம் சும்மா இருந்தீங்க" என்று கேட்டாள். பயந்துவிட்டேன் என்றேன்.

மூன்றாம் நாள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். இந்த வேலை இருக்குமா தெரியவில்லை. அதை உன்னிடம் சொல்லி இரக்கம் கேட்கவில்லை.

ஒரு வக்கீலைப் பார்த்தேன். காளிராஜின் பதிவை ரத்து செய்ய மனுப் போடலாம். என் சாட்சியமும் தேதியிட்ட புராஜெக்டும் போதும் என்கிறார். ஆனால் உன்னிடம் மறைக்கக் கூடாது. ரத்தானாலும் அந்தப் பூ உனக்குச் சொந்தமாகாது. கண்காட்சியில் எல்லாருக்கும் காட்டிய அன்றே அந்த வழி அடைபட்டுவிட்டது. அதை அடைத்தவள் நான். நீ திருடவில்லை என்பது மட்டும் எழுத்தில் வரும்.

மனுவில் உன் கையெழுத்து வேண்டும். இத்துடன் வைத்திருக்கிறேன். போட விருப்பமில்லை என்றால் கிழித்துப் போடு, நான் கேள்வி கேட்க மாட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லியும் எழுதவில்லை.

ஒன்று மட்டும். பெங்களூரில் நீ துணிக்கடையில் பில் போடுகிறாயாம், பென்சிலையே தொடுவதில்லையாம். வாப்பா சொன்னார். வரைந்துகொண்டிரு மக்கா. வரைந்ததை யாருக்கும் காட்டாதே. எனக்கும் காட்டாதே. முதலில் உன் பெயரில் பதிவு செய். அந்தப் பதிவு எண்ணை மட்டும் ஒரு நாள் எனக்கு எழுது.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

கனகலட்சுமி