ஒரே வீட்டில் பத்துச் சாவு

இடைசெவல்,
ஆவணி 14.

அன்புள்ள மருமகன் பேச்சிராஜாவுக்கு, உன் தாய்மாமன் மந்திரமூர்த்தி ஆயிரம் ஆசிகளோடு எழுதுவது. உலகத்தில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றை இப்போது சொல்லப்போகிறேன் என்று கழுகுமலை முருகன் மேல் சத்தியம் செய்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்கத் தோன்றும். கடைசி வரி வரை வாசித்துவிட்டுக் கிழி.

பங்குனித் திருவிழாவுக்குக் கோவில்பட்டி போன இடத்தில் கிரைண்டர் குலுக்கல் நடந்தது. பரிசு நம் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று உன் அம்மா பதினோரு பேர் பெயரில் பதினோரு சீட்டு எழுதிப் போட்டாள். அதில் நீ உண்டு, நான் உண்டு, காலமான உன் அப்பா உண்டு, வள்ளிமயில் என்கிற நம் வீட்டுப் பூனையும் உண்டு. பெயர் பதினொன்று. போன் நம்பர் மட்டும் ஒன்றே ஒன்று, அக்காவுடையது.

கிரைண்டர் வரவில்லை, போன்தான் வந்தது. வீட்டுமனை, காப்பீடு, கடன், முழங்கால் தைலம். அடித்த அடியில் அந்தப் பொத்தான் போன் கொதித்து, அதன்மேல் நாலு தோசை வார்த்தோம். வேப்பமரத்துக் காக்கைகள் அதே மெட்டில் கரையப் பழகிவிட்டன. சென்னையில் அடுக்குமாடி வீடு வேண்டுமா என்று ஒரு பெண் வள்ளிமயிலை ‘மேடம்’ போட்டுக் கேட்டாள்.

மருந்துக்கடை சண்முகராஜ், “அண்ணாச்சி, விளம்பரப் போன் வேண்டாம்னு 1909-ல பதிஞ்சு வச்சா ஒரு வாரத்துல நின்னுரும்” என்றான். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் பெண் எடுத்தவன் போய்ப் பதிவு செய்வானா? போரில் குதித்தேன். யாரைக் கேட்டு அழைத்தாலும், அந்த ஆள் செத்துப்போனார் என்று அழுவதுதான் என் ஆயுதம். செத்தவனுக்கு எவன் மனை விற்பான்? வள்ளிமயில் மேடம் பாம்பு கடித்துப் போனார். என்னை யானை மிதித்தது. கரிசல்காட்டுக்கு யானை எப்படி வந்தது என்று எவனும் கேட்கவில்லை. உன் அப்பாவுக்கு மட்டும் பொய் தேவைப்படவில்லை. “ஏலே, உசுரோட இருக்கவியள ஏம்லே கொல்லுத? நாக்கு அழுகிரும்லே” என்று அக்கா கத்தினாள். நான் கேட்கவில்லை.

ஆனி மாதம் ஒரு மத்தியானம், அக்கா குழாயடிக்குப் போயிருந்தாள். ஒரு ஆண் குரல். பின்னால் ஒரே மெஷின் இரைச்சல். வெயிலுகந்தம்மாள் இருக்காங்களா என்று மரியாதையாகக் கேட்டது. “எங்க அக்கா போயிட்டாளே ஐயா, நேத்துத்தான எரிச்சோம்” என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தேன். மற்றவர்கள் என்றால் சாரி சொல்லி வைத்துவிடுவார்கள். இந்த ஆள் பேசவும் இல்லை, வைக்கவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் வைத்தான். நான் மீசையைத் தடவிக்கொண்டு காப்பி குடிக்கப் போனேன்.

ஆடிக் கோயில் கொடைக்கு, சூரத்தில் உன்னோடு வேலை பார்க்கிற மணிராஜ் வந்தான். வாசலில் இருந்த உன் அம்மாவைப் பார்த்ததும் பைக்கை விட்டு அவன் இறங்கவில்லை. என்னைத் தனியே கூட்டிப்போய், “மாமா, பேச்சி அங்கன ஆத்தங்கரைல மொட்டை போட்டுக் காரியம் முடிச்சிட்டானே! கொள்ளி வைக்கக்கூட ஒரு வார்த்தை சொல்லலியேன்னு அழுதாம்லா” என்றான். எத்தனையோ பொய் சொன்ன மாமன், சாவில் மட்டும் விளையாடமாட்டான் என்று நம்பியிருக்கிறாய். என்னோடு பேசப் பிடிக்காமல் யாரோ போல அம்மா பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாய்; உன் குரல் எனக்குத் தெரியாமல் போய்விட்டது ஐயா.

மணிராஜ் உன்னிடம் பேசினபோது, மாமா நடத்துகிற நாடகம் என்றாயாம். அனுப்பின படத்தைப் பழைய படம் என்றாயாம். இப்போது எங்கள் யார் நம்பரையும் நீ எடுப்பதில்லை. குற்றம் சொல்லமாட்டேன். மூன்று வருடத்துக்கு முன் அம்மா சீரியஸ் என்று வரவழைத்து, கழுகுமலையில் பெண் பார்க்கக் கொண்டுபோய் உட்காரவைத்தவன் நான்தானே. வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனவன் நீ.

மழை இல்லை. உளுந்து விதை மூட்டையிலேயே இருக்கிறது. இருமல் விடாத அக்காவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். கஞ்சி இரண்டு கரண்டி இறங்குகிறது. ரவிக்கை தோளில் நிற்பதில்லை. நான் செய்த காரியம் அவளுக்குத் தெரியாது. சொல்ல எனக்குத் துப்பில்லை.

ஒருநாள் கடன் விற்கிறவனிடம், “பேச்சிராஜாவாய்யா? சாப்ட்டியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கே போய் 1909-ல் பதிந்தேன். எட்டு நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. இனி மணி அடித்தால் உன் மகன்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அது அடிக்கவில்லை.

போன் பண்ணு. முடிந்தால் வண்டி ஏறிவிடு. முடி சரியாக வளரவில்லையே என்று யோசிக்காதே. திருச்செந்தூர் நேர்த்திக்கடன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு பொய்யை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நூறு வயது இருக்கவேண்டும். என் நாக்கில் வந்தது எதுவும் பலிக்காமல் போகட்டும்.

இதில் கலந்திருக்கிற பொய்யையெல்லாம் நீயே சலித்துத் தூரக் கொட்டிவிடு. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். இதை எழுதுகிறபோது அடுத்த அறையில் உன் அம்மா இருமிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் மாமன்
மந்திரமூர்த்தி