நெட்டை திரும்பி வரவில்லை, அப்பா

என் பிரியமுள்ள அப்பா,

கப்பல் திரும்பவும் வந்தது. இன்று மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு. அந்தத் தொலைக்காட்சித் தொடர் தொடங்கி இருபத்தைந்து வருடமாம். அதற்காக நடித்தவர்களை எல்லாம் பழைய இடத்தில் கூட்டி, ஒன்றரை மணி நேரம் பேச விட்டிருக்கிறார்கள்.

நீங்கள் போய் ஒரு வருடமும் பதினொரு நாளும். இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

அதே சாம்பல் சுவர். அதே சிவப்பு விளக்குகள். கப்பல் தலைவருக்கு மயிர் முழுக்கக் கொட்டிவிட்டது. எந்திரம் பார்க்கிறவர் கைத்தடியோடு வந்து பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினார். அது கழன்று கையோடு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை அழுத்தும்போதெல்லாம் நீங்கள் கதிரை நுனிக்கு வந்துவிடுவீர்களே.

உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிப்பார்கள்.

வானத்தில் தூரத்துக் குடியிருப்புகளுக்குச் சாமான் கொண்டுபோகிற ஒரு பழைய விண்கப்பல். அதில் ஒன்பது பேர். எட்டுப் பாகம். ஆங்கிலப் பெயர் உங்கள் வாயில் நிற்கவில்லை. "கப்பல்" என்றீர்கள். "நெடுந்தீவுக்குச் சாமான் ஏத்திற மாதிரித்தான். கடல்தான் இல்லை" என்றீர்கள்.

அண்ணா ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்த தொடர் அது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு புறப்பட்ட அன்று அதை மேசையில் விட்டுவிட்டுப் போனார். அவுஸ்திரேலியாவுக்கு, கடலால். வள்ளம் ஏறுவதற்கு முதல்நாள் தொலைபேசியில் கதைத்தார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இரண்டு மாதம் கழித்து, ஒரு மழை நாளில், நீங்கள்தான் "அதைப் போடு பாப்பம்" என்றீர்கள். எனக்குப் பதினொரு வயது.

தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்ததால் சிங்களம் உங்களுடையது. கடற்படைக்காரன் மறித்தால் நீங்கள் கதைப்பீர்கள். ஆங்கிலம் என்றால் நான். வங்கிக் கடிதம், மருந்துப் பெட்டி, வெளிநாட்டுத் தொலைபேசி, கப்பலில் கதைப்பது. நான் தமிழில் சொன்னதுதான் அது சொன்னது. சரிபார்க்க வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஐந்தாம் பாகத்தில் நெட்டை செத்தாள்.

கப்பலுக்கு வழி பார்த்துச் சொல்கிற அந்த உயரமான பெண். பெயர் வைத்தது நீங்கள். திருத்த வேலைக்குக் கப்பலுக்கு வெளியே போனவள், கயிறு அறுந்து இருட்டுக்குள் போனாள். உடல் கிடைக்கவில்லை. அவளுடைய சட்டையை ஒரு கதிரையில் விரித்துவைத்துச் சுற்றி நின்றார்கள். தலைவர் நெடுநேரம் பேசினார்.

"என்னவாம்?" என்று கேட்டீர்கள்.

உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"தொடர்பு விட்டுப் போச்சாம் அப்பா. தேடுறாங்களாம்."

அதற்குப் பிறகு மூன்று பாகம். அவளைப் பற்றி நாளுக்கொரு செய்தியை நான் உண்டாக்க வேண்டியிருந்தது. சிக்னல் ஒன்று வந்ததாம். வேறொரு கப்பல் அவளைக் கண்டதாம். நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு குறிகட்டுவான் துறையடித் தேத்தண்ணிக் கடைக்குப் போனீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, "தம்பி, நெட்டையின்ரை சங்கதி என்ன?" என்று என்னை மறித்துக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்டது நெட்டையைப் பற்றி மட்டுமா?

இன்று பக்கத்து வளவு தவமணி மாமியும் பார்க்க வந்தார். உங்கள் வாயால் எட்டுப் பாகமும் கேட்டவர். தொலைபேசியைத் தொலைக்காட்சியில் தொடுத்தேன். படம் நின்று நின்று வந்தது.

"உது நெடுந்தீவுக்குப் போற லோஞ்சிலும் பார்க்கத் தாமதமாக் கிடக்கு" என்றார் மாமி. "கொப்பர் இருந்திருந்தா இண்டைக்கு வேட்டி மாத்திக்கொண்டெல்லோ குந்தியிருப்பார்."

அம்மா ஒருநாளும் கப்பல் பார்த்ததில்லை. குசினியிலிருந்து கேட்டதோடு சரி. இன்றைக்கு ஏன் முன்னால் வந்து உட்கார்ந்தார்?

பாதியில் கப்பல் கதவு திறந்தது. பழைய சீருடையில் அவள் உள்ளே வந்தாள். வெள்ளை மயிர். அதே உயரம். எல்லோரும் எழும்பிக் கட்டிப்பிடித்தார்கள். தலைவர் அழுதார்.

மாமி கைதட்டினார். "ஐயோ, வந்திட்டாள்! அக்கா, பாத்தியளே? நெட்டை வந்திட்டாள்! உங்கடை மனிசன் சொன்னவரெல்லோ, ஒருநாளைக்கு வருவாளெண்டு!"

அம்மா என் பக்கம் திரும்பினார். "என்னடா சொல்லுறாள்?"

அவள் என்ன சொன்னாள் தெரியுமா, அப்பா? தான் செத்த காட்சியைப் பற்றி. கயிறு அறுகிற நேரம் தனக்குத் தடிமனாம். தும்மலை அடக்கப் பட்ட பாடு தனக்குத்தான் தெரியுமாம்.

பழைய வேலை வாய்க்குள் தயாராக வந்து நின்றது. ஒரு வசனம் போதும். மீட்டுவிட்டார்களாம், வேறு கப்பலில் இருந்தாளாம். மாமி மகிழ்ந்திருப்பார். அம்மா?

உங்கள் திவசத்தில் ஐயர் அம்மாவைக் கேட்டார்: "காலமானவையிலை வேறை ஆரின்ரையும் பேர் சொல்லக் கிடக்கோ?" அம்மா என்னைப் பார்த்தார். ஐயரைப் பார்த்தார். "இல்லை" என்றார். சொல்லிவிட்டு நெடுநேரம் சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த "இல்லை"க்குள் நான் கட்டிய சிக்னல்களும் இருக்கின்றனவா?

"அவள் செத்திட்டாள் அம்மா. ஐஞ்சாம் பாகத்திலேயே. இது நடிச்ச மனிசி. சும்மா கதைக்க வந்திருக்கிறா."

"அப்ப சிக்னல் வந்தது?" என்றார் மாமி.

"நான் சொன்னது."

"மற்றக் கப்பல் கண்டது?"

"அதுவும் நான்தான்."

"அட நாசமாப் போனவனே! நான் அதைக் கனடாவிலை இருக்கிற தங்கச்சிக்கும் சொன்னனான்!"

மாமி விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"தவமணி, ஒருக்காத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறியே?"

மாமி குசினிக்குப் போனபின் அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வேறை என்னத்தை மாத்திச் சொன்னனி?"

அப்பா, இதை உங்களுக்குச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

கப்பல் பார்க்கத் தொடங்குவதற்கு முன். ஒரு பின்னேரம். நீங்கள் தோட்டத்துக்கு இறைத்துக்கொண்டிருந்தீர்கள். மோட்டர் சத்தம். அம்மா கோயிலில். தொலைபேசி அடித்தது. ஆங்கிலத்தில் ஓர் ஆண்குரல், அண்ணாவின் முழுப் பெயரைச் சொல்லி, இது அவருடைய வீடா என்று கேட்டது. ஓம் என்றேன். பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டது. மிக மெதுவாக, மிகக் கவனமாக. அந்தக் கவனம்தான் என்னைப் பயப்படுத்தியது.

இல்லை என்றேன்.

பிறகு எடுக்கிறேன் என்றார். எடுக்கவில்லை.

மோட்டரை நிறுத்திவிட்டு வந்து, "ஆரடா?" என்று கேட்டீர்கள். "ராங் நம்பர்" என்றேன்.

நல்ல செய்தியாகவும் இருந்திருக்கலாம். ஒரு முகாமிலிருந்து. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து. நீங்கள் கூப்பிடு தூரத்தில்தான் நின்றீர்கள். நெட்டையை உயிரோடு வைத்திருந்தது உங்களுக்காக என்று இத்தனை காலம் நினைத்தேன். எனக்காகத்தானா? பன்னிரண்டு வருடம் அந்த நம்பரை மாற்ற விடாமல் ரீலோட் காசு போட்டுக் காத்தீர்கள். அடிக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே நான் சோறு தின்றேன்.

இதை அம்மாவுக்குச் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"அந்த மனிசன் கேட்டதை அப்பிடியே சொல்லு. இங்கிலீசிலை."

சொன்னேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, "இப்ப தமிழிலை."

சொன்னேன்.

"செத்ததெண்டு சொல்லேல்லை."

"இல்லை."

"இருக்கிறானெண்டும் சொல்லேல்லை."

"இல்லை அம்மா."

மாமி தேத்தண்ணியோடு வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"காணாமல் போனாக்களைத் தேடுற அரசாங்கக் கந்தோர் யாழ்ப்பாணத்திலை இருக்காம்" என்றார் அம்மா. "கொப்பர் என்னைப் போக விடேல்லை. அவன் வருவான், ஏன் அங்கை பேர் குடுக்கிறாய் எண்டு. நாளைக்கு முதல் பஸ்ஸிலை போவம். நீ வந்து இதைச் சொல்லோணும்."

"இவ்வளவு வருசத்துக்குப் பிறகு என்னம்மா செய்வாங்கள்?"

"அது அவங்கடை பாடு. சொல்லுறது உன்ரை பாடு."

அந்த நிகழ்ச்சியை நாங்கள் முடிவுவரை பார்க்கவில்லை. அம்மா உள்ளே அலுமாரியைத் திறந்து அண்ணாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் இருக்க ஏலாமல், நான்கு தரம் எழும்பி நடந்துவிட்டு.

நீங்கள் என்னை மன்னிப்பீர்களா என்று கேட்க மாட்டேன். உங்கள் பதிலையும் நானே உண்டாக்கிவிடுவேன்.

நாளைக்கு அங்கே ஒருவர் எழுதிக்கொள்வார். எந்த மாதம், எத்தனை மணி என்று கேட்பார். தெரிந்ததைச் சொல்லுவேன். தெரியாததைத் தெரியாது என்பேன். அந்தக் குரல் கேட்ட இரண்டு கேள்விகள், நான் சொன்ன ஓம், நான் சொன்ன இல்லை, உங்களுக்குச் சொன்ன பொய். அவ்வளவுதான். என்றைக்காவது ஒரு பதில் வந்தால், அது எதுவாக இருந்தாலும், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் முதலில் அதை முழுக்க வாசிப்பேன். வாசித்ததை வாசித்தபடி சொல்லுவேன். பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்ப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

புங்குடுதீவிலிருந்து,
உங்கள் சின்ன மகன்