இரையாத விசிறி

06.09.2025, சனி

இன்றைக்குச் சாரங்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒஸ்லோவிலிருந்து சூமில் தமிழ் படிக்கிற ஏழு பிள்ளைகளில் வாய் ஓயாதது அவள்தான். போன மாதம், "டீச்சர், இவ்வளவு சின்ன எறும்புக்கு ஏன் பெரிய 'ற' போட்டிருக்கிறீங்கள்?" என்று கேட்டு என்னை மடக்கினவள். ஒன்பது வயது.

வகுப்பு முடிய தாயின் மெசேஜ் வந்தது. "கஜனி டீச்சர், குறை நினைக்காதேங்கோ. சாரங்கா காதில மெஷின் போட்டிருக்கிறது தெரியும்தானே. உங்கட பக்கத்து இரைச்சல் வரவரக் கூடுது, மெஷின் அதையும் பெருப்பிச்சுக் குடுக்குது. உங்கட குரல் அதுக்குள்ள அமுங்கிப் போகுதாம். இந்த மாசத்தோட நிப்பாட்டுவம் எண்டு யோசிக்கிறம்."

என்ன இரைச்சல்? எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே. வகுப்பின் பதிவைப் போட்டுக் கேட்டேன். நெல்லு மில்லுக்குள் நின்று படிப்பிக்கிற மாதிரிக் கிடக்கு. கம்பியூட்டர் பெட்டியின் விசிறிதான். மூன்று வருசமாகப் பக்கத்திலேயே இருந்து என் காது அதைக் கவனிக்காமல் விட்டிருக்கு.

அந்தப் பிள்ளை இவ்வளவு நாளும் இதுக்குள்ளாலதான் என்னைக் கேட்டவளோ?

07.09, ஞாயிறு

விசிறியின் வயரைக் கழற்றிவிட்டு இருந்து பார்த்தேன். நல்ல அமைதி. பதினெட்டு நிமிசம். பிறகு கம்பியூட்டர் தன்பாட்டில் நின்றுவிட்டது. பெட்டியில் கை வைக்க முடியவில்லை. வகுப்பு எங்களுக்குப் பின்னேரம் இரண்டரைக்கு, புதுக்குடியிருப்பு கொதிக்கிற நேரம். ஆக, விசிறி வேணும், சத்தம் வேண்டாம். அப்படி ஒன்று இருக்கோ?

09.09, செவ்வாய்

இருக்கு. இரண்டு நாளாக இதைத்தான் வாசிக்கிறேன். மத்தியானக் கறி அடிப்பிடித்து மாமியிடம் ஏச்சும் வாங்கியாச்சு.

சின்ன விசிறி நிறையக் காற்றைத் தள்ளவேண்டுமென்றால் பேய் வேகத்தில் சுற்றவேணும். அதுதான் அந்தக் கத்தல். பெரியது அதே காற்றை ஆறுதலாகச் சுற்றித் தள்ளிவிடும். அடிமட்டத்தால் அளந்தேன். என்னுடையது எட்டு சென்ரிமீற்றர். ஆனால் பெட்டியின் பின்னுக்கும் முன்னுக்கும் பன்னிரண்டு சென்ரிமீற்றர் விசிறி பூட்ட ஓட்டை விட்டிருக்கு. பொருத்தினவர் ஆரோ கையில் கிடைத்த சின்னனைப் பூட்டிவிட்டிருக்கிறார். மூன்று வருசம் திறந்தே பார்க்காத எனக்கும் இது வேணும்.

11.09, வியாழன்

பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போனேன், நளீரின் கம்பியூட்டர் கடைக்கு. மூன்று விசிறி எடுத்து வைத்தார். ஒன்றில் கலர் கலராக லைட் எரியும்.

"பொடியள் இதைத்தான் வாங்குறவங்கள், டீச்சர்."

"லைட் எரிஞ்சா சத்தம் குறையுமோ?"

"குறையாது. அவங்கள் லைட்டைப் பாத்துக்கொண்டு சத்தத்தை மறந்துபோவாங்கள்."

கடையின் சீலிங் ஃபானை நிற்பாட்டச் சொன்னேன். ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன், போனிலும் பதிந்தேன். சார்ஜர் வாங்க வந்த மனுசன் வேர்வையைத் துடைத்துத் துடைத்து என்னையே பார்த்தார். பார்க்கட்டும்.

விசிறி வந்த மட்டைப் பெட்டியில் போட்டிருக்கிற டெசிபெல் கணக்கு மட்டும் காணாது என்று இன்றைக்குத்தான் விளங்கியது. இரண்டாவது விசிறிக்குக் கணக்குக் குறைவு, ஆனால் நுளம்பு மாதிரி 'ஙீ' என்றது. மூன்றாவது கறுப்பு, பார்க்க வடிவே இல்லை. அதில் வந்தது வெறும் காற்றுச் சத்தம். அதற்கு நாலு வயர். சூட்டைப் பார்த்துக் கம்பியூட்டரே வேகத்தைக் கூட்டிக் குறைக்குமாம். கறுப்பில் இரண்டு வாங்கினேன். இரும்பு ஆணி போடவேண்டாம், அதிர்வு பெட்டிக்கு ஏறும் என்று ரப்பர் ஆணியும் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி, புதுச் சாமான் என்று இரண்டையும் வாங்கி, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்துத்தான் தந்தா. தையல் மெஷினில் இருந்து தண்ணி மோட்டர் வரைக்கும் இந்த வீட்டில் பொட்டு வைக்காமல் ஒன்றும் ஓடினதில்லை.

12.09, வெள்ளி

நானே பூட்டினேன். சூடு குறையவில்லை. ஏன்?

பொழுதுபட மாமி சாம்பிராணித் தட்டோடு வந்தா. பெட்டிக்கு முன்னால் காட்ட, புகை அவாவின் முகத்துக்கே திரும்பியது. பின்னால் காட்டினா, அங்கேயும் வெளியில் தள்ளுது. இரண்டு விசிறியும் வெளியில் ஊதினால் உள்ளுக்குக் காற்று எங்கால வரும்? பெயர் ஒட்டியிருக்கிற பக்கம் வெளியில் தெரியட்டும் என்று இரண்டையும் ஒரேமாதிரிப் பூட்டியிருக்கிறேன். காற்று அந்தப் பக்கத்தால்தான் வருமாம். முன்னாலிருந்ததைக் கழற்றித் திருப்பினேன்.

"இன்னொருக்காக் காட்டுங்கோ, மாமி."

"சாமியை விட உன்ர பெட்டிக்குத்தான் கூடக் காட்டியாச்சு" என்றா. ஆனால் அவாவும் குனிந்து பார்த்துக்கொண்டுதான் நின்றா. புகை முன்னால் நுழைந்து பின்னால் வந்தது.

13.09, சனி

சூடு இல்லை. ஆனால் வகுப்பு தொடங்கி அரைமணித்தியாலத்தில் ஒரு புதுச் சத்தம் – 'ர்ர்ம்… ர்ர்ம்…' என்று மேசையே நடுங்குது. சாரங்கா காது மெஷினைக் கழற்றி மேசையில் வைத்தாள். என் கண்ணுக்கு முன்னாலேயே வைத்தாள். பிறகு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழாமல் முடிச்சனான். முடிச்ச கையோட நளீருக்குப் போன் எடுத்து, பழுதை என்ர தலையில கட்டிப்போட்டீங்கள் எண்டு வாயில வந்ததெல்லாம் கதைச்சுப்போட்டன். "கழட்டிக் கொண்டு வாங்கோ டீச்சர், பாப்பம்" என்று மட்டும் சொன்னார்.

16.09, செவ்வாய்

நளீர் இரண்டு விசிறியையும் விரலால் சுற்றிப் பார்த்தார். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார். "டீச்சர், இது என்ன?"

ஒரு இதழின் ஓரத்தில் பருப்பளவு காய்ந்த சந்தனம்.

"ஒரு பக்கம் பாரம் கூடினா, சூட்டுக்கு வேகம் ஏறேக்க இது ஆடத்தான் செய்யும்." பஞ்சை நனைத்துத் துடைத்தார். "பொட்டைப் பெட்டிக்கு வையுங்கோ, விசிறிக்கு வேண்டாம். சரஸ்வதி பூசை முடிஞ்ச கிழமையில எனக்கு இதே வேலைதான்."

திருப்பி ஓடவிட்டார். காற்று மட்டும் வந்தது.

வெட்கமாப் போச்சு. சனிக்கிழமை கதைத்ததுக்கு மன்னிக்கச் சொன்னேன். "நான் எங்க கேட்டனான், கடையில ஒரே ஃபான் இரைச்சல்" என்றார்.

17.09, புதன்

மாமிக்குச் சொன்னேன். முகம் சுண்டிப்போய்விட்டது. கொஞ்ச நேரத்தால் வந்து பெட்டியின் கதவில் பெரிய பொட்டாக வைத்துவிட்டுப் போனா.

20.09, சனி

சாரங்கா வரவில்லை.

21.09, ஞாயிறு

தாய்க்கு எழுதினேன்: "இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை விட்டுப் பாருங்கோ." வாசித்திருக்கிறா. பதில் இல்லை.

27.09, சனி

வந்தாள். காதில் மெஷின் இருந்தது. நான் ஒன்றும் விளக்கவில்லை, கேட்குதோ என்றும் கேட்கவில்லை, பயம். பாடத்தை வாசித்துக்கொண்டு போனேன். பாதியில் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், உங்கட வீட்டுக்கு வெளியில ஆரோ 'ஊப் ஊப்' எண்டு கூப்பிடுகினம். போய்ப் பாருங்கோவன்."

எனக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. வாசிப்பதை நிற்பாட்டினேன். கிணற்றடி முருங்கையில் ஒரு செண்பகம். இந்தக் கதிரையில் இருந்துகொண்டு அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அது செண்பகம் எண்டு ஒரு பறவை, சாரங்கா."

"அது ஆரைக் கூப்பிடுது? ஏன் பேர் சொல்லாமக் கூப்பிடுது? அதுக்குப் பதில் வருமோ?"

மூன்று கேள்வி. எனக்கு ஒன்றுக்கும் விடை தெரியாது. பொறுத்துக் கேட்பம் என்றேன். ஏழு பிள்ளைகளும் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். கன நேரத்துக்குப் பிறகு வயல் பக்கத்திலிருந்து மெல்லிசாகப் பதில் வந்தது. எனக்கு முதலே சாரங்கா கையைத் தூக்கிவிட்டாள்.